முழிப்பூசி

அந்த மருந்தின் பெட்டி மேல் ஒரு நீளமான பெயர் அச்சிட்டிருந்தது. சங்ககிரியில் யாரும் அதை வாசித்துப் பார்க்கவில்லை. முழிப்பூசி என்றுதான் சொன்னார்கள். எச்.ஐ.வி. கிருமி மாத்திரைக்குப் பயந்து உடம்பின் ஏதோ ஒரு மூலையில் தூங்கிக் கிடக்கும். மாத்திரையை நிறுத்தினால் எழுந்து வரும். இந்த ஊசி தானாகவே போய் அதைத் தட்டி எழுப்பும். எழுந்ததும் அடுத்த மருந்து அதைத் தேடிப் பிடித்துக் கொல்லும். அந்த மருந்து எதிர்ப்பு சக்தியையும் அடக்கிவிடும் என்பதால் ஆறு வாரம் கண்ணாடி அறைக்குள் இருக்க வேண்டும். வெளியே வரும்போது ரத்தத்தில் கிருமி இருக்காது. அப்புறம் ஆயுசுக்கும் மாத்திரை வேண்டாம்.

முதல் தொகுதியில் இருபது பேருக்குப் போட்டார்கள். அதில் மேகலாவும் ஒருத்தி.

அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் கல்யாணமான மூன்றாம் வருடமே போய்விட்டான். அவன் விட்டுப் போனதை அவள் பத்தொன்பது வருடமாகக் கூட்டு மருந்து தின்று அடக்கி வைத்திருந்தாள். சேகோ ஆலையில் ஜவ்வரிசி உலர்த்தும் வேலையிலிருந்து விஷயம் தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு தன்னைப் போன்றவர்களின் சங்கத்திலேயே களப்பணியாளராகச் சேர்ந்தாள். மாத்திரையைப் பாதியில் விட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பேசி, திரும்ப மருத்துவமனைக்கு அழைத்து வருவது அவள் வேலை. அதில் கெட்டிக்காரி. அவள் சொன்னால் கேட்பார்கள்.

ஆறு மாதத்தில் ஐந்து முறை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஈரோட்டுச் சாலையில் இருந்த ஆராய்ச்சி மையம் அவளுக்கு ஒரு தாளைக் கொடுத்தது. விடுவிப்புச் சான்று என்று மேலே போட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். பதினேழு வருடமாக அந்த வீட்டில் அவளுக்கென்று தனியாக ஒரு தட்டு இருந்தது. அலமாரியின் கீழ்த்தட்டில், மற்றப் பாத்திரங்களோடு சேராமல். அண்ணன் சான்றை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு உள்ளே திரும்பி, "மேகலாக்கும் இங்கயே எல போடு" என்றார். அவள் சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். அண்ணியும் அழுதாள்.

அதன் பிறகு மையம் எந்தக் கூட்டம் போட்டாலும் மேகலாவை மேடைக்கு அழைத்தது. அவள் அதிகம் பேசமாட்டாள். "இருவது பேரு போட்டோம். ஒருத்தருக்கு ஒரு சளி புடிக்கல. என்னப் பாருங்க," என்பாள். அவ்வளவுதான். ஜனங்கள் பார்ப்பார்கள். இரண்டாம் தொகுதிக்கு நூற்று நாற்பது பேர் பெயர் கொடுத்தார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் அவளைப் பார்த்து வந்தவர்கள்.

ஊசி வந்ததும் ஊரும் மாறிப்போனது. முன்பெல்லாம் சந்தேகம் இருந்தாலும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். இப்போது கேட்டார்கள். "அதான் ஊசி வந்துருச்சே, இன்னும் எதுக்கு வெச்சிட்டிருக்கற?" என்றார்கள், ஏதோ எடுத்துப் போடவேண்டிய சொத்தைப் பல் போல. வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் சான்றைக் கேட்டார்கள். சத்துணவுக் கூடத்தில் கேட்டார்கள். கேட்கக் கூடாதென்று சட்டம் இருந்தது. அதனால் யாரும் எழுத்தில் கேட்கவில்லை.

பர்வீன் மட்டும் பெயர் கொடுக்காமல் இருந்தாள். முப்பத்தாறு வயது, தனிக்கட்டை. சந்துக்குள் ஓர் அறையில் இரண்டு தையல் மெஷின் போட்டுக் கடைகளுக்கு நைட்டி தைத்துக் கொடுத்தாள். ரவிக்கை அவளுக்கு அருமையாகத் தைக்க வரும். ஆனால் அளவு கொடுக்க அவள் முன்னால் வந்து நிற்க அந்தத் தெருவில் ஒரு பொம்பளையும் தயாராக இல்லை. மேகலாவுக்குப் பத்து வருடச் சிநேகிதி, தங்கச்சி மாதிரி.

"எனக்கு மாத்திர நல்லாத்தானக்கா கேக்குது," என்றாள் பர்வீன், மெஷினை நிறுத்தாமல். "ஒரு காய்ச்சல் தலவலி இல்ல. சும்மா கெடக்கறத எதுக்கு எழுப்பி உடோணும்?"

"எழுப்பி உட்டாத்தான் புள்ள புடிக்க முடியும்."

"புடிக்கலீன்னா?"

"எங்கிட்ட இருந்தத புடிக்கலயா? என்னப் பாரு."

பர்வீன் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மேகலா சதை போட்டிருந்தாள். தலைமுடி அடர்ந்திருந்தது. முந்தின நாள் அண்ணன் மகள் சீமந்தத்தில் வளையல் அடுக்கிவிட்ட கை மடியில் கிடந்தது.

"நீங்க சொல்றீங்கன்னு போட்டுக்கறேன்," என்றாள் பர்வீன்.

அவளுக்கும் கிருமி போயிற்று. சான்றைக் கண்ணாடி போட்டு மாட்டினாள். சந்திலிருந்து மெயின் ரோட்டுக்குக் கடையை மாற்றினாள். முதல் வாரம் ஒரு டீச்சரம்மா வந்து, கையைத் தூக்கிக்கொண்டு அளவு கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பர்வீன் மேகலாவுக்குப் போன் போட்டு, அந்த டீச்சரம்மாவின் முதுகளவு, கைச்சுற்று எல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

ஊசி போட்ட எட்டாவது மாதம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

கடைக்கு மூன்று படி. மூன்று படி ஏறுவதற்குள் நின்றாள். ஆஸ்துமா என்று ஒரு டாக்டர் உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். கேட்கவில்லை. மேகலா அவளை ஆராய்ச்சி மையத்துக்கு அழைத்துப் போனாள். விலாவில் ஊசி குத்தி ஒன்றரை லிட்டர் நீர் எடுத்தார்கள், பழுப்பும் சிவப்புமாக. நாலு நாளில் திரும்பவும் அவ்வளவு நீர் சேர்ந்துவிட்டது.

மையத்தின் டாக்டர் வைகுந்தன், மேகலாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முதல் தொகுதியிலிருந்தே அவர்தான் பொறுப்பு. மெதுவாகப் பேசுகிறவர். மேகலாவுக்கு அவர் மேல் கடவுளுக்கு அடுத்தபடியான மரியாதை.

"இது ரத்தப் புற்றுநோய் வகை, மேகலா. கட்டியே கிடையாது. வெள்ளை அணு கெட்டுப்போய், நுரையீரலைச் சுத்தி நீரா சேருது. அந்த நீர்ல மிதக்கிறதுதான் நோய்."

"எப்புடிங்க டாக்டர்? கிருமிதான் போயிருச்சே."

"அந்தக் கிருமி போயிடுச்சு. வேற ரெண்டு இருந்திருக்கு." ஒரு தாளை எடுத்து வட்டம் போட்டார். வட்டத்துக்குள் இரண்டு புள்ளி வைத்தார். "ஒண்ணு எச்சில் வழியா வர்றது. உங்களுக்கு, எனக்கு, அநேகமா எல்லாருக்கும் சின்ன வயசுலயே வந்திருக்கும். ஒண்ணும் பண்ணாம தூங்கிட்டே இருக்கும். இன்னொண்ணு எல்லாருக்கும் இருக்காது. அந்தக் கிருமிக் குடும்பத்துல எட்டாவது. நாங்க எட்டுன்னே சொல்றது. உடம்புல எதிர்ப்பு சக்தி இருக்கிற வரைக்கும் அதுவும் அடங்கித்தான் கிடக்கும். ரெண்டும் ஒரே அணுவுக்குள்ள குடியிருந்து, எதிர்ப்பு சக்தி இல்லாத நேரத்துல ரெண்டும் சேர்ந்து முழிச்சுக்கிட்டாதான் அந்த அணு இப்படிப் பெருகும்."

"இல்லாத நேரம்னா?"

"அந்த ஆறு வாரம்." அவர் பேனாவை மூடினார். "ஊசி ஒண்ணைத்தான் எழுப்பும்னு நம்பினோம். அது எல்லாத்தையும் எழுப்பிடுச்சு."

"சரி பண்ணீரலாங்களா?"

"மருந்து ஏத்தலாம். நீர் வத்தும். திரும்ப வரும்."

அடுத்த இரண்டு மாதத்தில் இன்னும் ஒன்பது பேர் வந்தார்கள். சிலருக்கு நெஞ்சில் நீர், சிலருக்கு வயிற்றில். மேகலா ஒவ்வொருவரையும் தானே ஆட்டோ பிடித்துக் கூட்டி வந்தாள். முதலில் பயந்தாள், அடுத்தது தான்தான் என்று. குளிக்கும்போது விலாவைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொள்வாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வந்தவர்கள் எல்லாரும் இரண்டாம் தொகுதி. முதல் தொகுதியின் இருபது பேரில் ஒருத்தர்கூட இல்லை. அவர்களுக்கு ஊசி போட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது.

ஒரு நாள் காலை வைகுந்தன் அறைக்குப் போய்க் கேட்டாள்.

"எங்க இருவது பேர்ல ஏனுங்க யாருக்கும் வரல?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த மனுஷரால் பொய் சொல்ல முடியவில்லை.

"முதல் தொகுதிக்கு அறுபத்து மூணு பேரைப் பாத்தோம். அதுல இருபது பேரை எடுத்தோம். முதல் தடவை எதுவும் தப்பாகிடக் கூடாதுன்னு மேல ரொம்பக் கண்டிப்பா இருந்தாங்க. கல்லீரல், காசம், மஞ்சள் காமாலை, சந்தேகம் வர்ற எல்லாத்தையும் சோதிச்சு வடிகட்டினோம். எட்டும் அந்தப் பட்டியல்ல ஒரு வரி."

"எட்டு இருந்தவங்கள எடுக்கல."

"எடுக்கல."

"ரெண்டாவது தொகுதிக்கு?"

"அந்தச் சோதனை இங்க கிடையாது. பெங்களூருக்கு அனுப்பணும், மூணு வாரம் ஆகும். நூத்து நாப்பது பேர். முதல் தொகுதியில ஒருத்தருக்கும் எதுவும் வரலையே, இது எதுக்குன்னு கூட்டத்துல கேட்டாங்க." பிறகு சொன்னார்: "நானும் சரின்னு கையெழுத்துப் போட்டேன்."

மேகலா நாற்காலியில் அப்படியே இருந்தாள். என்னப் பாருங்க என்று எத்தனை மேடையில் சொல்லியிருப்பாள் என்று யோசித்தாள். அவளைத் தேர்ந்தெடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். அவள் போய் அத்தனை பேர் முன்னாலும் நின்று, நானும் உங்களை மாதிரிதான் என்று சொல்லியிருக்கிறாள்.

பர்வீனிடம் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. அன்று மத்தியானமே வார்டுக்குப் போனாள். பர்வீனுக்குப் படுத்தால் மூச்சு முட்டும். கட்டிலில் குறுக்காக உட்கார்ந்து, முன்னால் தலையணையை அடுக்கி அதன்மேல் கவிழ்ந்திருந்தாள். மேகலா எல்லாவற்றையும் சொன்னாள். அறுபத்து மூன்று பேரை, இருபது பேரை, பெங்களூரை.

பர்வீன் முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

"தெரிஞ்சு சொன்னீங்களாக்கா, தெரியாம சொன்னீங்களா?"

"தெரியாமத்தான் புள்ள. சத்தியமா."

"செரி. அது உங்களுக்கு ஒரு ஆறுதல். எனக்கு என்ன இருக்குது?"

மேகலா நழுவிய தலையணையை எடுத்து அடுக்கினாள்.

"நான் என்ன சொல்லோணும்னு வந்தீங்க? தெரிஞ்சிருந்தாலும் போட்டிருப்பேன், நாலு நாளு நல்லா இருந்தேன், அது போதும்னா? அப்புடி இல்லக்கா. போட்டிருக்க மாட்டேன்." மூச்சுக்காக நிறுத்தினாள். "சந்துக்குள்ளயே உக்காந்து நைட்டி தெச்சுக்கிட்டு, யாரும் அளவு குடுக்க வராம, மாத்திர தின்னுக்கிட்டு அறுவது எழுவது வயசு வரைக்கும் இருந்திருப்பேன். எனக்கு அதே போதும்னு இருந்துச்சு. அதத்தான அன்னிக்கும் சொன்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படுவதற்கு வேண்டிய மூச்சு அவளிடம் இல்லை. மேகலா அவள் முதுகில் கை வைத்தாள். பர்வீன் கையைத் தள்ளிவிடவும் இல்லை, வைத்திரு என்று இளகிக் கொடுக்கவும் இல்லை. பிறகு, "கடையில ஏழு ரவிக்க பாதியில கெடக்குது. வேற யார்கிட்டயாவது குடுத்து முடிச்சுக் குடுத்துருங்க. பேரு எழுதித் துண்டுச்சீட்டு குத்தி வெச்சிருக்கறேன்," என்றாள்.

பதினோரு நாள் கழித்து இறந்துபோனாள். சான்று இருந்ததால் குளிப்பாட்ட யாரும் தயங்கவில்லை. அவளுடைய அக்கா வெறுங்கையாலேயே முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் மேகலா சும்மா இருக்கவில்லை. எட்டைச் சோதிக்காமல் இனி ஒருவருக்கும் ஊசி போடக் கூடாது என்று மனு எழுதினாள். செத்தவர்களின் வீட்டுக்காரர்களை அழைத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்குப் போனாள். பத்திரிகைக்காரர்களிடம், வடிகட்டிய கதையை, தன் பெயரைப் போட்டே சொன்னாள். வைகுந்தன் எழுத்தில் சாட்சி கொடுத்தார். அதற்காக அவருக்கு மெமோ வந்தது. கடைசியில் மூன்றாம் தொகுதியை நிறுத்திவைத்தார்கள்.

நிறுத்திய மறுவாரம் சங்கத்து அலுவலகத்துக்கு ஒரு கூட்டம் வந்தது. முப்பது நாற்பது பேர். எல்லாரும் மூன்றாம் தொகுதிக்குப் பெயர் கொடுத்தவர்கள். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மேகலா எழுந்து நின்றாள். முன்னால் நின்ற வயதான அம்மா கேட்டார்: "நீ போட்டுட்டு அண்ணன் ஊட்டுல எலயில சோறு திங்கற. எங்குளுக்கு மட்டும் ஏம்மா நிறுத்துன?"

இரண்டாம் தொகுதியில் செத்துப்போனவர்களின் பெயர்களை மேகலா ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாரும் கேட்டார்கள். கலைந்து போனார்கள். ஆனால் அன்றிலிருந்து ஊசிய நிறுத்துனவ என்பது அவளுக்கு ஒரு பெயராகவே ஆகிவிட்டது.

ஒரு வருடத்துக்கு மேல் இழுத்து, சோதனையைக் கட்டாயமாக்கி மறுபடி தொடங்கினார்கள். எட்டு இருந்தால் ஊசி கிடையாது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் மேகலா நிம்மதியாகத் தூங்கினாள்.

செண்பகம் வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. இருபத்தொன்பது வயதுக்காரி. கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவளைச் சான்று இல்லையென்று நிறுத்திவிட்டார்கள். புருஷன் செத்து நாலு வருடம். ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை, நித்திலா என்று பெயர். குழந்தைக்குக் கிருமி இல்லை. குழந்தையை மாமியார் தன்னிடம் வைத்துக்கொண்டு, சான்றைக் கொண்டுவந்து காட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லியிருந்தார். செண்பகம் பள்ளிக்கூடத்துக் கம்பி கேட்டுக்கு வெளியே நின்று, மத்தியானம் சாப்பாட்டு வேளையில் மகளைப் பார்த்துவிட்டு வருவாள்.

மடித்த தாள் ஒன்றை மேஜை மேல் வைத்தாள். சோதனை முடிவு. எட்டு: உண்டு.

"மறுபரிசோதனைக்கு ஒருக்கா எழுதிக் குடுக்கலாமுங்களாமா," என்றாள். "அடுத்த வாரம் ரத்தம் எடுக்கறாங்க. எடுக்கற புள்ளைகிட்ட பேசிட்டேனுங்க்கா. எட்டு மட்டுந்தான் பாப்பாங்களாம். வேற ஒருத்தர் ரத்தமா இருந்தாலும் தெரியாதாமா." தலையைக் குனிந்துகொண்டாள். "உங்களுக்கு எட்டு இல்லீன்னு நீங்கதான் பேப்பர்ல சொன்னீங்க. ஒரே ஒரு டியூப் குடுங்க்கா."

மேகலாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தாளைத் திரும்ப அவள் பக்கம் தள்ளினாள்.

"உனக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியுமுங்க்கா. எட்டு இருந்தவங்க எல்லாத்துக்கும் வந்துச்சுங்களா?"

"பதினேழு பேருக்கு இருந்துச்சு. பதினாலு பேருக்கு வந்துருச்சு."

"மூணு பேருக்கு வரல."

"இன்னும் வரல."

"எத்தன நாள்ல வந்துச்சுங்க?"

"எட்டு மாசத்துல வந்துச்சு. ஒரு வருசத்துல வந்துச்சு. ஒருத்தருக்கு ரெண்டு வருசம் கழிச்சு."

"ரெண்டு வருசமுங்களா," என்றாள் செண்பகம். அந்தக் குரலில் இருந்ததைக் கேட்டு மேகலா பயந்துபோனாள். ஏதோ பெரிய தொகையைக் கேள்விப்பட்டவள் மாதிரி இருந்தது.

"மாத்திர தின்னா நீ எழுவது வயசு வரைக்கும் இருப்ப, செண்பகம்."

"எங்கிருப்பேனுங்க்கா? கேட்டுக்கு வெளியவா?"

"நான் குடுக்க மாட்டேன். எம்பேர்ல ஏற்கெனவே போதுமான அளவு பாவம் இருக்குது."

செண்பகம் தாளை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "செரீங்க்கா. நீங்க உள்ள போயி சொகமா வெளிய வந்துட்டீங்க. இப்ப கதவச் சாத்தறீங்க. தப்புன்னு சொல்லல," என்றாள். கும்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

மறுநாளே மேகலா அவள் மாமியார் வீட்டுக்குப் போனாள். நல்ல மனுஷி. உட்காரவைத்து, எவர்சில்வர் டம்ளரில் மோர் கொடுத்தார். மேகலா குடித்து வைத்த டம்ளரை மற்றவற்றோடு சேர்த்தே கழுவப் போட்டார். "மாத்திரை போட்டாலே யாருக்கும் ஒட்டாதுங்கம்மா, குழந்தையை அம்மாகிட்ட உடலாம்," என்று மேகலா அரைமணி நேரம் எடுத்துச் சொன்னாள்.

"நான் உடமாட்டேன்னு சொல்லலியே கண்ணு," என்றார் அந்த அம்மா. "எம்பையனத் தூக்கிக் குடுத்தவ நானு. உன்னாட்டவே அவளும் சரியாயிட்டு வரட்டும். ஊசிதான் இருக்குதே."

வக்கீலைக் கேட்டாள். வழக்குப் போடலாம், ஜெயிக்கும், நாலைந்து வருடம் ஆகும் என்றார். அதைச் செண்பகத்திடம் சொல்லலாம் என்று போனபோது அவள் குடியிருந்த அறை பூட்டியிருந்தது.

மூன்றாம் தொகுதிக்கு ஊசி போடுகிற நாள் வந்தது. அது மாதிரி நாட்களில் மேகலாவுக்கு மையத்தில் வேலை. ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பேசிக்கொண்டு, பயம் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலை ஒன்பது மணிக்கு முகக்கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுத் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். ஆறாவது கட்டிலில் செண்பகம் உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்துப் பின்னியிருந்தாள்.

கட்டில் காலில் தொங்கிய அட்டையை மேகலா எடுத்துப் பார்த்தாள். மறுபரிசோதனை. எட்டு: இல்லை.

"யாரு குடுத்தா?"

"கேக்காதீங்க்கா," என்றாள் செண்பகம். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். கெஞ்சவில்லை.

மேகலா அட்டையை மாட்டிவிட்டு வெளியே வந்தாள். நடைவழியின் கோடியில் வைகுந்தனின் அறை. முப்பது அடி இருக்கும். கதவு திறந்திருந்தது. ஒரு வரி போதும். ஆறாவது கட்டில், அது அவள் ரத்தம் இல்லை. அவர் ஏன் என்றுகூடக் கேட்கமாட்டார். செண்பகத்தை இறக்கி வீட்டுக்கு அனுப்புவார்கள். அவள் எழுபது வயது வரைக்கும் இருப்பாள்.

பர்வீன் இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லு என்றுதான் சொல்லியிருப்பாள். மேகலாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. அந்தக் குரல் அவளுக்கு நன்றாகவே கேட்டது.

அவள் கதவருகே போய் நின்றதும் வைகுந்தன் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வருடத்தில் மிகவும் இளைத்துப் போயிருந்தார்.

"வாங்க மேகலா. இன்னைக்குப் பதினெட்டுப் பேர். ஒருத்தருக்கும் எட்டு கிடையாது. உங்களாலதான் இது ஆச்சு. நான் எங்கயும் இதைச் சொல்ல மறக்கமாட்டேன்." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். அந்த ஒரு வரி நாக்கில் இருந்தது. இதைச் சொன்னபிறகு செண்பகத்துக்குக் கொடுக்கத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று தேடிப்பார்த்தாள். மாத்திரை இருந்தது. நாலைந்து வருட வழக்கு இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளை இருந்தது.

"ஒன்னுமில்லீங்க டாக்டர்," என்றாள்.

திரும்பி வந்தபோது நர்ஸ் ஐந்தாவது கட்டிலை முடித்துக்கொண்டிருந்தாள். செண்பகம் நகர்ந்து இடம் கொடுத்தாள். மேகலா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வலிக்குங்களாக்கா?"

"இல்ல கண்ணு. வெரல்ல தொட்டாப்லதான் இருக்கும்."

நர்ஸ் தட்டோடு வந்தாள். மேகலா செண்பகத்தின் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.